கையை எடுக்கக் கூடாது

என் நாத்தனார் டிவி போட்டியில் தோற்றதற்கு யார் காரணம் என்று எங்கள் தெருவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கட்டிப்போன சேலை ராசியில்லை என்பார்கள். புறப்படும்போது பால்காரர் வெறும் கேனோடு எதிரே வந்தார் என்பார்கள். சாமிக்குச் சொல்லாமல் போனாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அது பொய், தேங்காய் உடைத்ததே நான்தான். டிவிக்காரர்கள் முன்கூட்டியே பேசிவைத்து அடுத்தவளை ஜெயிக்க வைத்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பேச்சு எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

நான் அவளுக்குத் துணையாகப் போனவள். அந்த ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள். அதனால் எழுதுகிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. ஏழாயிரம்பண்ணையில் கட்டிக்கொடுத்திருந்தோம். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்து வாடகைக்கு இருந்தாள். காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவாள். சாயங்காலம் இறங்கும்போது கழுத்து, காது மடல், கண் இமை எல்லாம் வெள்ளி பூசினதுபோல் மினுங்கும். அவளுக்கு மருந்து அறையில் வேலை. பட்டாசுக்குள் போகிற பொடியைத்தான் எங்கள் பக்கத்தில் மருந்து என்போம். உடம்புக்குச் சாப்பிடுவதை மாத்திரை என்று சொல்லிக்கொள்வோம்.

நான் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறவள். அதில் கை வலிக்கும், கண் வலிக்கும், அவ்வளவுதான். மருந்து அறை அப்படி இல்லை. அந்த அறைக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். வேலைக்குச் சேருகிற முதல் நாளே எல்லாருக்கும் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போடு, பக்கத்தில் இருக்கிறவளை இழு, வெளியே ஓடு, திரும்பிப் பார்க்காதே. அதைப் படிப்பாகச் சொல்லித்தருவதில்லை. மூத்த பெண்கள் பின்னால் வந்து தட்டைத் தரையில் டமார் என்று போடுவார்கள். உட்கார்ந்தே இருந்தால் தலையில் கொட்டு விழும். ஓடிப் பழகின பிறகுதான் மருந்தைத் தொடவிடுவார்கள்.

என் நாத்தனார் அதில் கெட்டிக்காரி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் வாசல் எங்கே என்று பார்த்துக்கொள்வாள். என்னிடமே கேட்பாள்: “மதினி, கதவு எங்கன இருக்கு?” கோயிலில்கூடக் கேட்டிருக்கிறாள். “ஆத்தா சன்னதியிலயுமா?” என்று நான் வைவேன்.

அவளுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். மகள் அந்த வேனில் ஏறக் கூடாது. மகள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில்தான் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்கும். ‘லீவுக்கு மட்டும் வரட்டும், பேக்கிங் பக்கந்தான்’ என்று ஆரம்பிக்கும். பிறகு லீவு முடியவே முடியாது. “நான் ஏறுனது போதும் மதினி. எப்படியாச்சும் வீட்டோட ஒரு தொழில் வச்சுட்டா, அவளும் படிச்சுருவா, நானும் இறங்கிருவேன்” என்பாள். மாவு அரைத்து விற்கலாம் என்று அவளுக்கு ஆசை. தண்ணீருக்கும் அரிசிக்கும் நடுவில் கை வைத்து வேலை செய்யவேண்டும் என்று ஆசை.

அப்போதுதான் சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். பெண்களுக்கான போட்டி. ஜெயித்தவளுக்கு அவள் கேட்கிற தொழிலுக்குச் சாமான் மொத்தமும் கொடுப்பார்களாம். தையல் என்றால் மெஷின், மாவு என்றால் கடைக்கு வைக்கிற பெரிய கிரைண்டரும் பிரிட்ஜும். ஆள் எடுக்க ஒரு சின்ன விளையாட்டு வைத்தார்கள். காகித டம்ளரை அடுக்கிக் கோபுரம் கட்டவேண்டும். தினமும் காகிதக் குழாயை நெருக்கி நிறுத்தி மருந்து செலுத்துகிற கைக்கு அது ஒரு வேலையா? மற்றவர்கள் அடித்தளம் போடுவதற்குள் அவள் உச்சி வைத்துவிட்டு, “அம்புட்டுத்தானா?” என்று கேட்டாள். டிவிக்காரப் பையன் சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டான்.

ஜெயித்தால் பங்குனியில் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சாத்தூரில் ரயில் ஏறினோம்.

சென்னையில் அந்த ஹால் ஐஸ்பெட்டிபோல் இருந்தது. மேக்கப் போடுகிற பெண் பிள்ளை இவள் கழுத்தைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தது.

“என்னக்கா இது, கிளிட்டரா? போகவே மாட்டேங்குது.”

“அது மருந்துத்தா. அது போகாது. நீ அதுக்கு மேலயே பூசு, நல்லாத்தான் இருக்கும்.”

எதிராக ஆடவந்தவள் சேலம் பக்கத்துக்காரி. ஒல்லியான பெண். அவளுக்கும் மாவுக் கிரைண்டர்தான் வேண்டுமாம். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்துப் படுத்துவிட்டாராம். மத்தியானம் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் கட்டிப்போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். “யாரு ஜெயிச்சாலும் மாவு ஒண்ணுதான்” என்று என் நாத்தனார் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள்.

போட்டி இதுதான். நடுவில் ஒரு மேஜை. ஆளுக்கொரு சிவப்பு வட்டம். உள்ளங்கையை அதன்மேல் வைக்கவேண்டும். மணி அடிக்கிறவரைக்கும் எடுக்கக் கூடாது. எடுக்க வைப்பதற்கு அவர்கள் என்னென்னமோ செய்வார்கள். விதி சொன்ன பிள்ளை கையில் அட்டை வைத்திருந்தது. “என்ன நடந்தாலும் கையை எடுக்கக் கூடாதுக்கா.”

“என்ன நடந்தாலுமா?”

“என்ன நடந்தாலும்.”

இவள் சரியென்று தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். கதவு எங்கன? நான் அவளுக்கு இடது கைப்பக்கம் கறுப்புத் திரையைக் காட்டினேன்.

மைக் வைத்திருந்த தம்பி வந்தார். “சிவகாசிப் பக்கமா? அப்போ சரவெடின்னு சொல்லுங்க!”

“சரவெடி எங்க கம்பெனியில இல்லய்யா. நாங்க புஸ்வாணம்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெண் இத்தனை விளக்குக்கு நடுவில் உட்கார்ந்து நாலு பேரைச் சிரிக்க வைக்கிறாளே என்று.

ஆரம்பித்தார்கள். கரடி வேஷம் போட்டவன் வந்து ஆடினான். இறகை வைத்து மூக்கில் தடவினார்கள். ரப்பர் பாம்பை மேஜையில் போட்டபோது சேலத்துப் பெண் வீறிட்டாள், ஆனால் கை எடுக்கவில்லை. இவள் பாம்பை இன்னொரு கையால் எடுத்து ஓரமாக வைத்தாள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். “வெயிலுக்கு நல்லதுதான்யா” என்றாள். எதற்கும் அசையவில்லை. மணி அடிக்கப்போகிறது என்று எல்லாரும் எழுந்து கைதட்டத் தொடங்கினார்கள். நான் ஆத்தா ஆத்தா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பையன் நீளக் குழாய் ஒன்றைத் திருகினான். கலர்க் காகிதம் பறக்கவிடுகிற குழாய். டப்பென்று ஒரு சத்தம்.

அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு அது காகிதம். எங்கள் ஊர்க் காதுக்கு அது காகிதம் இல்லை.

அவள் கை வட்டத்தை விட்டுப் போய்விட்டது. எதிரே இருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. மேஜை சாய்ந்தது, நாற்காலி உருண்டது. கறுப்புத் திரையைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு, அந்தப் பெண்ணை முன்னால் வெளியே தள்ளிவிட்டு, பின்னாலேயே இவளும் போனாள். நானும் பாதி வழி ஓடிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், வேறு யாரும் ஓடவில்லை. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலேயிருந்து மஞ்சளும் பச்சையுமாகக் காகிதம் விழுந்துகொண்டே இருந்தது.

வெளியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். வெறுங்கால். இவள் இன்னும் அந்தப் பெண்ணின் கையை விடவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். என் தலையில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

“காயிதமா மதினி?”

“காயிதந்தான் தாயி.”

உள்ளே கூட்டிப்போய்ப் பெரிய திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முதலில் எடுத்தது இவள் கைதான். அடுத்தவள் கையை இவள் இழுத்ததால்தான் எடுத்தாள், அதனால் அவள்மேல் தப்பில்லை, அவள்தான் ஜெயித்தாள் என்றார்கள். அது அவர்கள் விதிப்படி நியாயம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. மைக் தம்பி கெட்ட மனிதர் இல்லை. “ஏன்க்கா, நீங்க ஓடினது சரி. அவங்களையும் எதுக்கு இழுத்துட்டு ஓடினீங்க?” என்று கேட்டார்.

“பக்கத்துல இருந்தாகளே” என்றாள்.

டிவியில் போட்டபோது அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. அந்த இடத்தில் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள்.

ரயிலில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விருதுநகர் தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தாள். “கை இருக்கத்தான் செஞ்சுது மதினி. காலுதான் போயிருச்சு. அந்தப் பிள்ள அம்புட்டுத் தெளிவாச் சொல்லுச்சு, நானும் தலையாட்டுனேனே. எம்மேலதான் தப்பு.”

“உன்மேல என்ன தப்பு? காலு கேக்குமா?” என்றேன்.

“கேட்டிருக்கணும்ல” என்றாள்.

டிவியில் வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. தோற்றுவிட்டாள் என்று தெரியும், எப்படி என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஓடுவதை மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் டிவியின் வயரைப் பிடுங்கினார். “ஊரு பூராச் சிரிக்கணும்னுதான் ரயிலேறிப் போனியா தாயி?” என்று தங்கையைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வயரைப் பிடுங்கி என்ன? எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அந்த வீடியோத் துண்டு ஊர் ஊராகப் போயிற்று. அச்சங்குளத்தில் இருக்கிற என் பெரியம்மா மகளுக்கு எங்கிருந்தோ வந்து, அவள் எனக்கே அனுப்பினாள், கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையோடு.

பங்குனி வந்தது. தோற்றுப்போன வேண்டுதலுக்குச் சட்டி எடுக்கவேண்டியதில்லை என்று பூசாரியே சொன்னார். அவள் கேட்கவில்லை. “ஆத்தாகிட்ட நான் பேரம் பேச மாட்டேன்” என்று காப்புக் கட்டி விரதம் இருந்தாள். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக, கனல்கிற சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பக்கத்தில் போனேன். கடைவீதி திருப்பத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “ஏத்தா, கையை எடுத்துராத!” அந்த இடமே சிரித்தது. சாமி ஊர்வலம் என்று பார்க்காமல் சிரித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கோயில்வரைக்கும் கை எடுக்கவில்லை.

இதெல்லாம் ஒருநாள் பேச்சு, போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கம்பெனிக்குள்ளே போய்விட்டது.

மருந்து அறைப் பக்கம் சின்னச் சத்தங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த கம்பெனியில் வெடித்துப் பார்ப்பார்கள். லாரியிலிருந்து லோடு இறக்குவார்கள். முன்பெல்லாம் இவள் ஓடினால் எல்லாரும் ஓடுவார்கள். வெட்டவெளியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அதில் வெட்கம் என்று ஒன்று இருந்ததில்லை. இப்போது இவள் எழுந்தாலே, “கேமரா எங்கன இருக்குடி?” என்று ஒரு குரல் வரும். ஒருத்தி ஆட்டுக்குட்டிபோல் கத்துவாள். கேலி செய்தவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. நாள் முழுக்கப் பேசாமல் பொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு சிரிப்பு.

சீசன் நெருங்கினதும் ஆர்டர் குவிந்தது. போர்மேன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “நீ ஒருத்தி எந்திரிச்சா நாலு பேரு வேலை நிக்குது. என்ன சத்தம்னு பாத்துட்டு ஓடக் கூடாதா?”

அதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். “இனிமே மொதல்ல அக்கம்பக்கம் பாத்துக்கிட்டுத்தான் எந்திரிக்கணும் மதினி. யாராச்சும் ஓடுறாகளான்னு பாத்துட்டு” என்றாள். அவளும் பாதிச் சிரிப்பாகத்தான் சொன்னாள்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவுக சொன்னா சொல்லிட்டுப் போறாக, நீ ஓடு” என்றேன்.

“ஓடலாம். அப்புறம் திரும்பி உள்ள வரணும்ல. அதுதான் முடியல” என்றாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். தீப்பெட்டி ஆபீசில் எங்கள் கால் தரை அதிர்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்த்தோம். பார்த்தவுடன் யார் யார் வீட்டு ஆட்கள் அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருத்தி முகத்திலும் தெரிந்துவிடும். என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அறையில் மூன்று பேர். இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி எங்கள் தெருதான், கல்யாணம் ஆகாத பெண். அவள்தான் பிறகு சொன்னாள். பெரிய சத்தத்துக்கு முன்னால் சின்னதாக ஒன்று கேட்டதாம், அப்பளம் நொறுங்குவதுபோல. இவர்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். “அக்கா எந்திரிக்கல மதினி. தலையைத் தூக்கி எங்களைப் பாத்தாக. நாங்க ஓடுறோமான்னு பாத்தாக. அவுகதான் எப்பவும் மொதல்ல ஓடுவாகன்னு நான் கையை நீட்டாமப் போயிட்டேன். இழுத்திருக்கணும், நான் இழுத்திருக்கணும்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆட்டுக்குட்டிபோல் கத்துகிறவள் அவள்தான். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வாழை இலைமேல் படுக்கவைத்திருந்தார்கள். முகத்தில் கண் மட்டும்தான் அவளுடையது. நினைவு தெளிவாக இருந்தது. தீக்காயத்தில் அதுதான் கொடுமை. கடைசிவரைக்கும் எல்லாம் தெரியும். நான் குனிந்து மாரியம்மன் விபூதியைப் பூச இடம் தேடினேன். நெற்றியில் இடம் இல்லை. காலடியில் வைத்தேன்.

“ஏன் தாயி எந்திரிக்கல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். என்னால் முடியவில்லை.

“சிரிப்பாகன்னு இருந்துட்டேன் மதினி.”

பிறகு மகளைப் பற்றிச் சொன்னாள். புதிதாக ஒன்றும் இல்லை. வேனில் ஏற்றிவிடக் கூடாது என்பதுதான். சத்தியம் செய்யச் சொன்னாள். பிடித்துச் சத்தியம் செய்ய அவள் கையைத் தொட முடியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தேன். மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

விசாரிக்க வந்தவர்கள், நாலு வாசல் இருந்தும் ஏன் வெளியே வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளுடைய கவனக்குறைவு என்று முடித்துக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்த போர்மேன் வாசலில் நின்று, “ஓட்டத்துல கெட்டிக்காரியாச்சே, எப்படி மாட்டுனான்னுதான் எனக்கு விளங்கல” என்றார். மனம் வருந்தித்தான் சொன்னார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. போகும்போது, “பிள்ளைய வேணும்னா லேபிள் ஒட்டுற பக்கம் போட்டுத்தாறோம். அங்கன மருந்தே வராது” என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து கும்பிட்டார். போய்விட்டு வாருங்கள் என்கிற கும்பிடு.

ஊரில் பழையபடி அந்தத் துண்டு போனில் சுற்றியது, இந்தத் தடவை அழுகிற பொம்மையோடும் மெழுகுவத்தியோடும். அனுப்பினவர்கள் அதே ஆட்கள்தான். அவர்களில் பாதிப் பேர்தான் துக்க வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தவர்களும்.

அப்படியென்றால் யாரைச் சொல்ல? காகிதம் வெடிக்கவிட்ட பையன் அவனுக்குச் சொன்ன வேலையைச் செய்தான். மைக் தம்பி விதியைச் சொன்னார். ஆட்டுக்குட்டிச் சத்தம் சேர்த்தவன் எங்கள் ஊரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். சிரித்தவர்கள், வைதவர், ஆர்டரை முடிக்க அவசரப்பட்டவர் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு சிட்டிகைதான் வருகிறது. மருந்தும் அப்படித்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். தனித்தனியாக டப்பாவில் இருக்கிறவரைக்கும் சும்மா இருக்கும், கலக்கிற இடத்தில்தான் எல்லாம். ஆத்தாவைக் கேட்காமல் விட்டேன் என்றால் பொய். சன்னதியில் நின்று, உனக்குச் சட்டி எடுத்தவள் கைதானா உனக்குக் கிடைத்தது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, கேட்டதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவதை நிறுத்தவில்லை. அவளே பேரம் பேசாதபோது நான் யார்?

சில வாரம் கழித்து ஒரு போன் வந்தது. சேலத்துப் பெண். யார் மூலமோ நம்பரை வாங்கியிருக்கிறாள். ரொம்ப நேரம் அழுகைதான் கேட்டது.

“அன்னைக்கு என்னைய ஏமாத்தத்தான் இழுத்தாங்கன்னு நானே எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டிருந்தேனுங்க அக்கா. கையில நகம் பட்ட தடத்தைக் காட்டிக் காட்டிச் சிரிப்பேனுங்க. இப்பத்தான் ஒருத்தரு அந்த வீடியோவ அனுப்பி விவரம் சொன்னாரு. மறுபடி பார்த்தேன். என்னைய மொதல்ல வெளிய தள்ளிட்டுத்தானுங்க அவங்க வந்தாங்க.”

“ஆமாத்தா. அப்படித்தான் அவுகளுக்குப் பழக்கம்.”

“அந்தக் கிரைண்டர அப்படியே உங்களுக்கு அனுப்பிடலாம்னு தோணுச்சுங்க. ஆனா அது இல்லீங்க அக்கா. வீட்டுக்காரரு வைத்தியத்துக்குப் பிரிக்காமலே வித்துட்டோம். அவரும் இல்லீங்க இப்போ.”

அன்றைக்குப் புளிச்சோறு நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

இப்போது மகள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பத்தாம் வகுப்பு. நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதற்கு முன் வீட்டுக் கிரைண்டரில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுத் தெருவில் கொடுக்கிறேன். பெரிய வியாபாரம் இல்லை. காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட நானும் போவேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸும் கம்பெனி வேனும் ஒரே வேப்பமரத்தடியில்தான் நிற்கும். வேனுக்கு நிற்கிற பெண்கள் எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஒருத்தி தினமும் அவள் ரிப்பனைச் சரிசெய்துவிடுவாள்.

போன மாதம் ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தோம். வேன் வந்து நின்றுவிட்டது, இன்னும் யாரும் ஏறவில்லை. ரோட்டில் போன லாரியின் டயர் ஒன்று வெடித்தது.

என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. அந்தப் பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு முட்டு வலி, இருந்தும் ஓடினேன். ரோட்டை விட்டு இறங்கி, பருத்திக் காட்டுக்குள் கால் புதைகிற தூரம் போய்த்தான் நின்றோம். அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கையை விடாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இனி சிரிப்பார்கள். இவளும் தலையைக் குனிந்துகொள்வாளே என்று பயந்தபடி திரும்பிப் பார்த்தேன்.

வேனுக்கு நின்ற பெண்கள் அத்தனை பேரும் எங்களைச் சுற்றிக் காட்டுக்குள் நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்திருந்தார்கள். எல்லாருக்கும் வெறுங்கால். செருப்புகள் வேப்பமரத்தடியிலும் ரோட்டிலும் கவிழ்ந்தும் மல்லாந்தும் கிடந்தன. ஆட்டுக்குட்டிபோல் கத்துகிறவளும் அதில் இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

வேன்காரர் மட்டும் தலையை வெளியே நீட்டினார். “டயருதாங்க வெடிச்சுச்சு. வாங்க, நேரமாச்சு.”

ஒவ்வொருத்தியாகப் போய்த் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். ரிப்பன் கட்டிவிடுகிறவள் திரும்பிவந்து இவள் செருப்பையும் எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போய் ஏறினாள். வேன் கிளம்பிற்று. கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. பிள்ளை ஏறி, எப்போதும்போல் வாசலுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள்.